சீட் கொடுத்தவருக்கே ஆட்டக்காரன் சொந்தமா?

அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள். பிடிக்காவிட்டால் கல்லூரி மாறுகிறார்கள். தங்கவயலிலிருந்து பெங்களூர் ரயில் ஏறும் வீரனின் கையில் இருப்பது ஒரு ஹாஸ்டல் கட்டில் மட்டும்.

கோலார் தங்கவயலில் பொழுது ரயிலோடுதான் விடிகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், பெமல் நகர், கோரமண்டல் என்று நின்று நின்று ஆட்களை அள்ளிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூர் போகும் ரயில்களை நம்பித்தான் பாதி ஊர் பிழைக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இதுதான் நிலைமை. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் கட்டட வேலைக்கும் போகிற இந்தக் கூட்டத்தில் கல்லூரி மாணவர்களும் உண்டு. அவர்களில் சிலருடைய பையில் புத்தகத்தோடு பூட்ஸும் இருக்கும்.

ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து அப்படிப் புறப்படும் ஒரு கால்பந்து வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. ஆனால் கல்லூரி அணியின் பயிற்சி காலை 6 மணிக்கு. எந்த ரயிலைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்கு மைதானத்தில் நிற்க முடியாது. ஆகவே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி தருகிற இலவச சீட்டைவிட, அதோடு வரும் ஹாஸ்டல் கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும்தான் அவனுக்குப் பெரிது. நாளுக்கு நான்கரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிற கட்டில் அது. சம்பளம் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. கணக்குப் பார்த்தால் சம்பளம்தான்.

இந்தச் சம்பளத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடக்க முடியாது. இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரி நல்ல பயிற்சியாளரைக் காட்டி அழைத்தால், கட்டில் போகும், கட்டணச் சலுகை போகும். சில இடங்களில் மார்க் ஷீட் அசல்கள் அலுவலக பீரோவை விட்டு வெளியே வருவதே பெரும்பாடு. வீரனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதி, அவன் போக நினைத்தால் போக முடியுமா என்பது. அமெரிக்கா கடந்த சில ஆண்டுகளாக நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியது இந்த இரண்டாவது பாதிக்காகவும்தான்.

ஒரு விதவையின் வழக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு கொழுத்த வியாபாரம். லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள், தொலைக்காட்சி ஒப்பந்தங்கள், கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்கள் என்று எல்லாம் அங்கே உண்டு. ஆடுகிறவருக்கு மட்டும் பணம் கிடையாது. படிப்புச் செலவும் தங்கும் செலவும்தான். 1906இல் பிறந்த என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய சங்கம் இந்த ஏற்பாட்டைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தது. ‘மாணவ-வீரர்’ என்ற சொல்லே அதற்காக வார்த்தெடுக்கப்பட்டது.

அந்தச் சொல் பரவியதன் பின்னணி, தங்கவயல்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். 1955இல் கொலராடோ மாநிலத்தில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். ஆட்டக்காரர் தொழிலாளியா, மாணவரா? 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் இழப்பீடு கிடையாது என்றது. இது போன்ற வழக்குகளில் ‘இவர் ஊழியர் அல்ல’ என்று வாதாட ‘மாணவ-வீரர்’ என்ற சொல் கச்சிதமாகப் பயன்பட்டது. 1951 முதல் 1988 வரை என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்டர் பயர்ஸ், ஓய்வுபெற்ற பிறகு 1995இல் எழுதிய புத்தகத்தில், இந்தச் சொல்லை உருவாக்கியது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். தான் கட்டிய அமைப்பையே கண்டித்தார். ஓய்வூதியம் வந்த பிறகு பிறக்கும் ஞானத்துக்கு நம் ஊரிலும் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை.

ஏர் பிளாஸ்ட் என்ற சொல் தங்கவயலில் குழந்தைக்கும் தெரியும். பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவது. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அது தீராத அச்சம். அடிபட்டவன் கம்பெனியின் ஆளா, காண்டிராக்டரின் ஆளா என்பதில்தான் அவன் வீட்டின் சோறு இருக்கிறது என்பது சுரங்க வீடுகளுக்குத் தெரிந்த பாடம். ஆளை எந்தப் பெயரில் பதிவேட்டில் எழுதுகிறோம் என்பது சில்லறை விஷயம் அல்ல.

பதிவேடு என்றதும் இன்னொன்று. 1930இல் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம் கூலி அல்ல; கைரேகைப் பதிவு. விரல் ரேகை பதிந்துவிட்டால், ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் பெயரை மாற்றிக்கொண்டு பக்கத்துச் சுரங்கத்தில் சேர முடியாது. ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் போகிற வழி அடைபட்டுவிடும் என்ற பயம்தான் ஆயிரக்கணக்கானவர்களைச் சுரங்கத்துக்கு வெளியே நிறுத்தியது. பெயருக்கு வேறாக இருந்தாலும், அதுவும் ஓர் ‘இடமாற்ற விதி’ பற்றிய சண்டைதான்.

கதவு திறந்தது

அமெரிக்காவில் முதல் விரிசல் ஒரு வீடியோ விளையாட்டால் விழுந்தது. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ.வுக்கு ஆடிய முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன், தன் உருவமே திரையில் ஓடி ஆடுவதைப் பார்த்தார். அதற்காக அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2019இல் கலிஃபோர்னியா மாநிலம், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்றுச் சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வைத் தோற்கடித்தது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத்துக்கு இருந்த தடை நாடு முழுக்க விலகியது.

இடமாற்றக் கதை இதற்கு இணையாக ஓடியது. முன்பெல்லாம் பெரிய விளையாட்டுகளில் கல்லூரி மாறுகிறவர் ஓர் ஆண்டு வெளியே உட்கார வேண்டும். நான்கு ஆண்டு ஆட்ட வாழ்வில் ஓர் ஆண்டு என்பது தண்டனைதான். 2018 அக்டோபரில், மாற விரும்புகிறவர்கள் பெயர் பதிந்துகொள்ளும் இணையப் பட்டியல் வந்தது; பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021இல், ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தேர்ச்சி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று ஆயிற்று. விளம்பரப் பணமும் மாறும் உரிமையும் கைகோத்த பிறகுதான் வீரருக்குப் பேரம் பேசும் பலம் வந்தது. போக முடியும் என்றால்தானே ‘இரு’ என்று சொல்ல ஒருவர் விலை கொடுப்பார்?

கடைசிக் கட்டம் 2025 ஜூன் 6. ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் அளித்தார். முன்னாள் வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் பாக்கி. இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கு ஒரு கல்லூரியின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 175 கோடி ரூபாய். இதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல்காரர்களும் மல்யுத்தக்காரர்களும் தங்கள் அணியே கலைக்கப்படுமோ என்று கவலைப்படுவது நியாயமே. கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

இரண்டு தமிழர்கள், இரண்டு பாதைகள்

வெளிநாட்டு மாணவர்களுக்குக் கதவு பாதிகூடத் திறக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி அணிகளில் 20,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் ஆடுகிறார்கள். பெரும்பாலோர் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். அந்த விசாவில் வளாகத்துக்கு வெளியே வேலை பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு. பக்கத்து அறை அமெரிக்கன் ஷூ விளம்பரத்தில் நடித்துக் கார் வாங்கலாம். அதே அணிக்கு அதிகப் புள்ளி எடுத்த இந்தியன் அதே விளம்பரத்தில் நடித்தால் விசாவுக்கே ஆபத்து.

டெல்லித் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த தேஜஸ்வின் சங்கர், உயரம் தாண்டுதலில் கிடைத்த உதவித்தொகையில் 2017இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கணக்கியல் படித்தார். 2018இலும் 2022இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றார். இந்தியாவின் 2.29 மீட்டர் சாதனையும் அவர் அங்கே படிக்கும்போது வந்ததுதான். 2022 ஜூனில் 2.27 மீட்டர் தாண்டி இரண்டாவது பட்டத்தை வென்றபோது, காமன்வெல்த் போட்டிக்கு இந்தியத் தடகள சம்மேளனம் வைத்திருந்த அளவையும் எட்டிவிட்டார். ஆனால் அதே நாட்களில் சென்னையில் மாநிலங்களுக்கிடையிலான போட்டி நடந்தது. அதில் கலந்துகொள்ளவில்லை என்பதால் அணியில் அவர் பெயர் இல்லை.

ஜூன் மாதத்து அந்த ஒரு நாள் யாருக்குச் சொந்தம்? நான்கைந்து ஆண்டுகள் படிப்புச் செலவைச் சுமந்த கல்லூரிக்கா, கொடியைக் கொடுக்கும் சம்மேளனத்துக்கா? இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் குதிக்க எந்தத் தாண்டல் வீரராலும் ஆகாது. தேஜஸ்வின் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கடைசியில், திருச்சி மாவட்டத்து ஓட்டக்காரர் ஆரோக்கிய ராஜீவின் இடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. ஒரு தமிழர் உள்ளே வர இன்னொரு தமிழர் வெளியே போனார் என்பது இந்த வெற்றியின் கசப்பான பக்கம். கடைசி நேரத்தில் பர்மிங்காம் போய்ச் சேர்ந்த தேஜஸ்வின், 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கினார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். படிப்பு முடிந்து அவர் வேலைக்குச் சேர்ந்தது டெலாய்ட் நிறுவனத்தில். அமெரிக்கக் கல்லூரி வீரர்களின் 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் அமைப்பை இப்போது நடத்துவதும் அதே டெலாய்ட்தான். தற்செயல்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது.

மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷின் கதையில் நீதிமன்றம் இல்லை, இடமாற்றம் இருக்கிறது. ஜார்ஜியா குவினெட் என்ற அதிகம் பேசப்படாத கல்லூரியில் டென்னிஸ் ஆடத் தொடங்கியவர், அங்கிருந்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தப் பல்கலைக்கழகம் 2025இல் தேசிய அணிப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பியலில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக முதல்முறை ஆடிய சுரேஷ், தன்னைவிடத் தரவரிசையில் வெகுவாக முந்தியிருந்த ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார். இந்தியா 3-1 என வென்றது. சின்னக் கல்லூரியிலிருந்து பெரிய கல்லூரிக்கு மாறும் வழி இருந்ததால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது.

விளம்பரம் யாருக்கு?

இந்தியாவில் விளம்பரம் சம்பந்தமான நிலைமை தலைகீழ். விளம்பரத்தில் நடித்தால் கல்லூரிக்கு ஆடக் கூடாது என்று இங்கே யாரும் மல்லுக்கட்டவில்லை. வீரனுடைய முகத்தைக் கேட்டு வருகிற கம்பெனிதான் இல்லை. கிரிக்கெட்டைத் தாண்டினால் அந்த முகத்துக்கு முதல் வாடிக்கையாளர் கல்லூரியேதான். 2021 ஆகஸ்டில் நீரஜ் சோப்ரா டோக்கியோவில் தங்கம் வென்றபோது, அவர் பதிந்து படித்துக்கொண்டிருந்த பஞ்சாபின் லவ்லி பல்கலைக்கழகம் அவருக்கு ரூ.50 லட்சம் பரிசு அறிவித்தது. டோக்கியோ போன இந்திய அணியில் தன் மாணவர்கள் 11 பேர் என்று நாடறியச் சொன்னது. இதில் தவறு ஒன்றும் இல்லை. நீரஜுக்குப் பேரம் பேசும் உயரம் இருந்தது. ஆனால் அட்மிஷன் காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் முளைக்கும் கல்லூரிப் பலகைகளில் சிரிக்கும் கபடி, வாலிபால் வீரர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சிரிப்புக்குத் தனியாகப் பணம் வந்திருக்கும்? கட்டணச் சலுகையில் அதுவும் அடக்கம் என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

கல்லூரிகளுக்கு வீரர்கள் தேவைப்படுவதற்குக் காரணம் பலகை மட்டும் அல்ல. 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா ஆசாத் கோப்பைக்குப் பல்கலைக்கழகங்கள் புள்ளி சேர்க்கின்றன. 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் இந்தப் பந்தயத்தைச் சூடாக்கிவிட்டன. 2022இல் பெங்களூரில் நடந்தபோது போட்டியை நடத்திய ஜெயின் பல்கலைக்கழகமே பட்டம் வென்றது; இரண்டாவது இடம் லவ்லிக்கு. வீரர்களை முறையாகத் தேடிச் சேர்த்து வளர்க்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் வந்தது நல்லதுதான். சேர்ப்பதற்கு இருக்கும் உற்சாகம் விடுவதற்கும் இருக்க வேண்டும்.

அரசு தருகிற பணம் ஒன்று உண்டு. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம். இதில் அவர் கைக்கு வருவது ரூ.1.20 லட்சம், அதாவது மாதம் 10,000. மீதி பயிற்சி, தங்குமிடம், போட்டிச் செலவு என்று போகும். தேர்வானவருக்கு இது பெரிய உதவி. தேர்வாகாதவருக்கு ஹாஸ்டல் கட்டில்தான்.

விதிப்புத்தகத்தில் இந்தியா அப்படி ஒன்றும் கொடுமையானது அல்ல. 1925இல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வைத்திருக்கும் நிபந்தனைகள் எளிமையானவை. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும், ஒரே கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஆடக் கூடாது. சிக்கல் விதியில் இல்லை, பீரோவில். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016 டிசம்பரில் சொன்னது. 2018 அக்டோபரில் மறுபடியும் சொன்னது. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்ல நேர்ந்தது என்றால் நிலவரம் என்ன என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

தங்கவயல் வீரனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு. வீட்டில் தமிழ், ஆட்டம் கர்நாடகத்துக்கு. ஒரு காலத்தில் அது பிரச்சினையாகத் தெரியவில்லை. பெங்களூரின் பொதுத்துறை ஆலைகள் அணி வைத்து ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த காலம் அது. 1977இல் முதல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என்று வீழ்த்தியது ஒரு தொலைபேசி ஆலையின் அணி, ஐ.டி.ஐ. ஆடியது ஆலைக்கு, மாதச் சம்பளம் ஆலையில், முழங்கால் போனாலும் வேலை போகாது. கல்லூரி சீட்டுக்கும் அந்த வேலைக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

அந்த அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்துவிட்டன. இப்போது வீரனின் கண் அரசு வேலைக் கோட்டாவில். தமிழக அரசு தன் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது. அது தமிழகத்தைச் சேர்ந்து, தமிழகத்துக்கு ஆடியவர்களுக்கு. கர்நாடகத்துக்கு ஆடிய தங்கவயல் தமிழன் அதில் வரமாட்டான். சென்னைக் கல்லூரி ஒன்று சீட்டும் கட்டிலும் தருகிறது என்று பதினெட்டு வயதில் மாநிலம் தாண்டினால், கர்நாடகச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அங்கே புதிதாக இடம் பிடிக்க வேண்டும். இங்கே இருந்த இடம் போகும். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தோஷ் கோப்பையைக் கர்நாடகம் கைப்பற்றியது. அப்படிப்பட்ட அணியில் ஓர் இடத்தை விட்டுவிட்டுப் போவதா என்பது மேஜையில் உட்கார்ந்து தீர்க்கிற கணக்கு அல்ல.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. பிளஸ் டூவுக்கு இணையான பி.யு.சி. முடிவு வந்து, தேர்வுப் பயிற்சிக்கு அழைப்பு வந்து, பயிற்சியாளர் ‘நாளைக்கே வந்து சேர்’ என்று போனில் சொல்கிற வாரம். அப்போது கேட்க வேண்டியவை சில உண்டு. காயம்பட்டு ஒரு பருவம் ஆட முடியாவிட்டால் கட்டில் இருக்குமா? கட்டணச் சலுகை மூன்று ஆண்டுக்கா, ஆண்டுக்கு ஆண்டா? நடுவில் போனால் சலுகைத் தொகையைத் திருப்பிக் கேட்பார்களா? படத்தைப் பலகையில் போடுவதற்கு எதிலாவது கையெழுத்து வாங்குகிறார்களா? வாய் வார்த்தையில் ‘பார்த்துக்கலாம்ப்பா’ என்று வருகிற பதில் எதுவும் இரண்டாம் ஆண்டில் நிற்காது. எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களை அன்றைக்கே திருப்பி வாங்கலாம். மானியக் குழுவின் 2018 அறிவிப்பின் நகல் ஒன்று பையில் இருந்தால் அலுவலக ஜன்னலில் பேச வசதியாக இருக்கும்.

மாரிக்குப்பத்தில் ரயில் ஏறும்போது அந்தப் பையில் பூட்ஸுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது.